ரத்தத்தில் தெரிந்த மாடிப்படி

நாற்பத்தொரு வயது வரைக்கும் என் உடம்பில் ஈரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கறிக்கடையில் ஆட்டு ஈரல் வாங்கியிருக்கிறேன், உங்களுக்கு மிளகு போட்டு வறுத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்குள்ளும் ஒன்று இருக்கிறது, ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்கிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. என் பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் அப்படி இருந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். சின்னவன் சிரிக்காமல் படிக்கட்டும்.

நம் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரத்த தான முகாம் நடந்தது. நானும் வரிசையில் நின்று கொடுத்தேன். பத்து நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. "சார், போன்ல சொல்ல முடியாது, நேர்ல வாங்க" என்றார்கள். போனேன். ஹெபடைடிஸ் பி என்ற வைரஸ் என் ரத்தத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிறக்கும்போதே வந்திருக்கலாம், சின்ன வயதில் எங்கோ போட்ட ஊசியில் வந்திருக்கலாம். இத்தனை வருடமாக ஒரு வலி இல்லை, ஒரு மஞ்சள் காமாலை இல்லை. சத்தம் போடாமல் ஈரலுக்குள் குடியிருந்திருக்கிறது.

உங்களுக்கும் அம்மாவுக்கும் ரத்தம் எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? சின்னவன் ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். உங்களுக்கு அந்த வைரஸ் இல்லை, பிறந்தபோதே தடுப்பூசி போட்டுவிட்டார்கள். அம்மாவுக்கும் இல்லை, அவளுக்கு அப்புறம் ஊசி போட்டோம். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீங்கள் கரும்பு ஜூஸ் வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு வைத்தியம் பார்த்த ஈரல் டாக்டர் ஒரு பெண், என்னைவிட வயதில் சின்னவர். தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. அதில் இரண்டு விஷயம் பார்ப்பார்கள். வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு என்சைம்களின் அளவு இன்னொன்று.

என்சைம் என்றால் என்ன என்று டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஈரல் எண்ணவே முடியாத குட்டிக் குட்டி அறைகளால் ஆனது. பெரியவள் பாடப்புத்தகத்தில் செல் என்று படம் வரைந்தாளே, அதுதான். ஒவ்வொரு அறைக்குள்ளும் வேலை நடப்பதற்காக இந்த என்சைம்கள் இருக்கின்றன. அறை உடைந்தால் அவை ரத்தத்தில் கசிந்துவிடும். ஒரு ஸ்பூன் ரத்தத்தை எடுத்து, அதில் என்ன கசிந்திருக்கிறது என்று பார்த்து, உள்ளே எவ்வளவு உடைகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் இதைச் சொன்னபோது நான் என் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் மூன்று மாதத்திலேயே வைரஸ் பெரிய அளவுக்குக் குறைந்துவிட்டது. முதலிலேயே ஏறியிருந்த என்சைம் இரண்டும் அப்படியே இருந்தன.

"பரவால்ல, சில பேருக்கு லேட்டாதான் இறங்கும். உடம்பும் சேர்ந்து சண்டை போடுது இல்லையா, கெட்டுப்போன செல்லை உடம்பே உடைக்கும். அதனாலயும் ஏறி நிக்கும்" என்றார் டாக்டர்.

ஆறாவது மாதம் வைரஸ் கண்ணிலேயே படவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. நானும் அம்மாவும் சந்தோஷமாக உள்ளே போனோம். டாக்டர் இரண்டாவது தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எஸ்.ஜி.ஓ.டி. நூறைத் தாண்டி நின்றது. எஸ்.ஜி.பி.டி.யும் ஏறத்தான் செய்திருந்தது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"ஒரு நாள் விடலை மேடம்."

"குடிப்பீங்களா?"

"இல்ல மேடம்."

"லேகியம், சூரணம், நாட்டு மருந்து?"

"இல்ல மேடம்."

"வலி மாத்திரை? ஜிம் பவுடர்? ஜிம்முக்குப் போறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கெல்லாம் ஏது மேடம் நேரம்."

"உடற்பயிற்சி ஏதாவது?"

"ஒண்ணும் கிடையாது மேடம்."

"அப்ப தினம் அரை மணி நேரம் நடங்க" என்று எழுதினார். பிறகு பேனாவை மூடிக்கொண்டு சொன்னார்: "மருந்து வைரஸைப் பிடிச்சிடுச்சு. ஆனாலும் ஈரல் உடையற மாதிரிதான் ரிப்போர்ட் காட்டுது. வேற ஏதோ ஒண்ணு இருக்கு. அடுத்த டெஸ்ட்லயும் இறங்கலைன்னா ஊசி விட்டு ஈரல்ல ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கணும்."

அன்று சாயங்காலம் நான் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து அவள் முகர்ந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டேன். உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருடம் நான் குடித்திருக்கிறேன். அது அம்மாவுக்குத் தெரியும். அவளுடைய அப்பா குடித்தே போனவர் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அவள் பயம் சின்னப் பயம் இல்லை.

"இன்னா தேடறே அதுல?" என்றேன்.

"வேர்வைதான் நாறுது" என்றாள். சட்டையைப் பக்கெட்டில் போட்டுவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "ஒண்ணு மருந்து வேலை செய்யலை. இல்ல நீங்க பொய் சொல்றீங்க. இதுல எது உண்மையா இருந்தா நான் சந்தோஷப்படறதுன்னு தெரியலைங்க."

அன்றிலிருந்து தினம் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து அவள் முன்னால் பிரித்து விழுங்கினேன். ஜெபத்தில் என் ஈரலைப் பேர் சொல்லி ஆண்டவரிடம் கேட்டேன்.

நான் டாக்டரிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெருமைக்காரத்தனம் செய்திருந்தேன். முதல் நாள் ஆஸ்பத்திரிப் பாரத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'வாட்டர் பிசினஸ்' என்று எழுதினேன். டாக்டர் வாயால் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். சபைப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது, உங்கள் ஸ்கூல் டைரியிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் நான் தண்ணீர் பிளான்ட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன் என்று நினைத்துக்கொண்டார். கோவிலம்பாக்கம் பிளான்ட்டிலிருந்து லோடு ஆட்டோவில் தண்ணீர் கேன் எடுத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கத்திலும் அஸ்தினாபுரத்திலும் வீடு வீடாக மாடி ஏறுகிறவன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு கேன் இருபது கிலோ. தோளில் ஒன்று, கையில் ஒன்று. நான் போடும் வீடுகளில் பாதிக்கு லிஃப்ட் கிடையாது. அதை உடற்பயிற்சி என்று நான் நினைத்ததே இல்லை. வேலை வேறு, உடற்பயிற்சி வேறு என்றுதான் இருந்தேன். நடைப்பயிற்சி போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு போவார்கள், நான் அந்தப் பாட்டிலுக்குத் தண்ணீர் போடுகிறவன்.

இன்னொன்றும் செய்தேன். பரிசோதனை நாளில் ஆஸ்பத்திரியில் பொழுது போய்விடும். அன்றைக்கு யார் வீட்டிலும் தண்ணீர் இல்லாமல் போகக் கூடாது என்று முந்தின நாளே இரண்டு நாள் கேனையும் சேர்த்துப் போட்டுவிடுவேன். ஒவ்வொரு பரிசோதனைக்கும் இப்படித்தான். அதை ஒரு நல்ல பழக்கம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது மாதப் பரிசோதனைக்குப் போனபோது ரத்தம் எடுக்கும் இடத்தில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை. அவள்தான் மாஸ்க்கை இறக்கினாள்.

"அண்ணா! கேன் அண்ணாதானே?"

அஸ்தினாபுரத்தில் மூன்றாம் மாடி. வாரத்துக்கு நாலு கேன். வெட்கமாகப் போய்விட்டது. என் சீட்டில் 'பிசினஸ்' என்று போட்டிருந்தது. அவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"பிசினஸா? சொல்லவே இல்ல. சரி, கைய நீட்டுங்க. இன்னாண்ணா இது, கை கல்லு மாதிரி கீது?"

"கொஞ்சம் வலிதான்மா. நேத்து லோடு ஜாஸ்தி."

"ஆமா, நேத்து எங்க பில்டிங்லயே ஏறி எறங்கி ஏறி எறங்கி. எங்க மாமியார் சொல்லிச்சு, இன்னாத்துக்கு இந்த அண்ணா இன்னிக்கே நாளைக்கும் சேத்துப் போடுதுன்னு." சொல்லிக்கொண்டே ஊசியைப் போட்டவள், ரத்தம் குழாயில் ஏறும்போது திடீரென்று பேச்சை நிறுத்தினாள். "இன்னா டெஸ்ட்டு இது? ஈரலா? ஏண்ணா, நீங்க கேன் தூக்கறது டாக்டருக்குத் தெரியுமா?"

"கேனுக்கும் ஈரலுக்கும் இன்னாம்மா சம்மந்தம்?"

"கீதுண்ணா! எஸ்.ஜி.ஓ.டி. ஈரல்ல மட்டும்தான் கீதுன்னு யார் சொன்னது?"

பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே என்னை டாக்டர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெளியே பெஞ்சில் இருந்த அம்மாவும் பின்னாலேயே ஓடிவந்தாள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே தலையை நீட்டி அந்தப் பெண் சொன்னாள்: "மேடம், இவரு பிசினஸ்லாம் இல்ல மேடம். எங்க வூட்டுக்குக் கேன் தூக்கிகினு வரவரு. நேத்து ரெண்டு நாள் லோடு ஒரே நாள்ல ஏத்திட்டு இன்னிக்கு ரத்தம் குடுக்க வந்துகீறாரு."

எனக்குத் தரை பிளந்தால் தேவலை போல இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார். கேன் கழுத்தைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போயிருந்தது. தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒவ்வொரு டெஸ்ட்டுக்கு முன்னாடி நாளும் இப்படித்தானா?"

"ஆமா மேடம். கஸ்டமருக்குத் தண்ணி இல்லாமப் போவக் கூடாதில்ல."

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஒன்பது மாசமா உங்க ஈரலைத் திட்டிக்கிட்டு இருக்கேன் சார். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு நான் அசந்துபோனேன். அந்த என்சைம்கள் ஈரலில் மட்டும் இல்லையாம், தசையிலும் இருக்கின்றனவாம். அளவுக்கு மீறிப் பாரம் தூக்கினால் தசையிலும் நுண்ணிய அளவில் உடைசல் ஏற்படும். அங்கிருந்தும் கசியும். சில நாள் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ரத்தத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

இதை நான் சட்டென்று பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் என் வண்டியில் தினம் நடப்பது. வண்டித் தரை நனைந்திருக்கும். ஏதோ ஒரு கேன் கசிகிறது. ஈரத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைத் தடவிப் பார்க்க வேண்டும். டாக்டரிடம் அதைச் சொன்னேன். "கரெக்ட். இப்ப அடியைத் தடவிப் பார்க்கலாம்" என்று அந்தக் குழாயிலிருந்த ரத்தத்திலேயே இன்னொரு பரிசோதனை எழுதினார். சி.கே. என்று பேர். அது முக்கியமாகத் தசை உடைந்தால் ஏறுவது, ஈரலால் ஏறுவது இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து முடிவு வந்தது. எங்கேயோ ஏறி நின்றது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றதை எப்படிச் சொல்வது? ராஜகீழ்ப்பாக்கத்து மாடிப்படியும் அஸ்தினாபுரத்து மாடிப்படியுமாக முந்தின நாள் ஏறினவை அத்தனையும் ஒரு சின்னக் குழாய் ரத்தத்தில் இருந்தன. நான் மறைத்ததை என் ரத்தம் மறைக்கவில்லை.

ஆனால் டாக்டர் விஷயத்தை முடித்துவிடவில்லை. "இது தசைன்னு தெரியுது. ஈரலும் சேர்ந்து உடையுதா இல்லையான்னு இதுல தெரியாது. பத்து நாள் எதையும் தூக்காதீங்க. அதுக்கு அப்புறம் ரத்தம் குடுங்க. அப்பவும் இறங்கலைன்னா ஊசிதான். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க."

பத்து நாள். பத்து நாள் வீடுகளுக்குத் தண்ணீர் போடாவிட்டால் பதினோராவது நாள் வேறொருவர் போட்டுக்கொண்டிருப்பார். அம்மாதான் கஸ்டமர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: 'அவருக்கு ஈரல் வைத்தியம் நடக்கிறது. பத்து நாள் பாரம் தூக்கக் கூடாது. வண்டி கேட் வரைக்கும் வரும். தயவுசெய்து நீங்களே எடுத்துக்கொள்ளவும்.' அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் காட்டினாள். நான் போனைப் பிடுங்கி அழிக்கப் பார்த்தேன். அதற்குள் நாலைந்து பேர் பார்த்துவிட்டார்கள்.

பிளான்ட்டில் அவர்களே வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்கள். நான் ஒவ்வொரு கேட் முன்னாலும் ஹாரன் அடித்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஒரு அபார்ட்மெண்டில் மூன்று வீட்டுக்காரர்கள் மறுநாளே வேறு இடத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டாம் மாடியிலிருக்கும் ரிட்டயர்டான ஸ்கூல் வாத்தியார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம்பா, உன் ஈரல் நல்லாவறதுக்கு என் முட்டி போவணுமா?"

"சார், நீங்க தூக்காதீங்க சார், நான் வேற ஆளை..."

"உக்காருய்யா! எறங்குனா உன் வூட்டம்மாவுக்கு மெசேஜ் போட்டுடுவேன்."

ஒரே ஒரு கேனை அவரும் கீழ்வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் வைத்து வைத்து ஏற்றினார்கள். பாதி வழியில் வாத்தியார் "இதைத் தெனம் எப்படிய்யா தூக்கற?" என்று மேலேயிருந்து கத்தினார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை.

நாலாவது நாள் கை லேசானது. ஆறாவது நாள் காலையில் எழுந்தபோது தோள் இருப்பதே தெரியவில்லை. வலி இல்லாமல் இருந்தால் உடம்பு இப்படித்தான் இருக்குமா என்று வெகுநேரம் படுக்கையிலேயே கிடந்தேன். அம்மா இன்னும் முழுசாக நம்பவில்லை. "பத்தாவது நாள் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

பத்தாவது நாள் அதே பெண்தான் ரத்தம் எடுத்தாள். "இன்னிக்கு கை பஞ்சு மாதிரி கீதுண்ணா" என்றாள். சாயங்காலம் தாள் வந்தது. நான் வாங்கவில்லை. அம்மா வாங்கிப் படித்தாள். எஸ்.ஜி.ஓ.டி. நாற்பதுக்குள் வந்திருந்தது. சி.கே. இறங்கிவிட்டது. எஸ்.ஜி.பி.டி. மட்டும் இருக்க வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அம்மா அந்தத் தாளை மடித்துப் பைபிளுக்குள் வைப்பது போலக் கைப்பையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி காரிடாரிலேயே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் வெளியிடத்தில் அப்படிச் செய்கிறவள் இல்லை.

"மருந்து நல்லாவே வேலை செய்யுது. ஊசி வேண்டாம்" என்றார் டாக்டர். இனி ஒரு நாளைக்கு எவ்வளவு தூக்கலாம் என்று சொன்னார், இரண்டு நாள் லோடை ஒரே நாளில் ஏற்றவே கூடாது என்றும் சொன்னார். "அந்த மிச்சம் கொஞ்சம் ஏன் நிக்குதுன்னு ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்."

ஸ்கேன் அறையில் விளக்கு மங்கலாக இருந்தது. வயிற்றில் சில்லென்று எதையோ தடவி, ஒரு கருவியை வலது விலா எலும்புக்குக் கீழே வைத்து அழுத்தினார் அங்கிருந்த இன்னொரு லேடி டாக்டர். பக்கத்தில் திரை இருந்தது. நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், மழை மேகம் மாதிரி, திரை கொள்ளாமல் ஒன்று இருந்தது.

"இதுவா மேடம்?"

"இதுதான் உங்க ஈரல். கரடு தட்டிச் சுருங்கலை. கொஞ்சம் கொழுப்பு படிஞ்சிருக்கு. அதனாலதான் அந்த மிச்ச நம்பரா இருக்கும். பஜ்ஜி, பரோட்டாவைக் குறைங்க, மெதுவா இறங்கிடும்."

நான் பஜ்ஜியைப் பற்றி யோசிக்கவில்லை. அது அசைந்துகொண்டிருந்தது. நான் மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்கு அடியிலிருந்து கீழே இறங்கி வந்தது, விட்டால் மேலே போனது. ஒரு வைரஸைச் சுமந்துகொண்டு, இத்தனை மாடியும் என்னோடு ஏறி இறங்கி, ஒன்பது மாதம் சந்தேகமும் திட்டும் வாங்கிக்கொண்டு, இது பாட்டுக்கு இங்கே இப்படி இருந்திருக்கிறது.

"மேடம், என் வீட்டம்மா வெளிய இருக்காங்க. ஒரு நிமிஷம் கூப்பிடட்டுமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "கூப்பிடுங்க."

அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். திரை முன்னால் குனிந்து பார்த்தாள்.

"இவ்ளோ பெருசாங்க?" என்றாள்.

நான் மூச்சை இழுத்தேன். அது இறங்கி வந்தது. அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் டாக்டர் ஏதும் சொல்வதற்கு முன்னாலேயே அவள் சொன்னாள், "இன்னொரு தபா இழுங்க, பாக்கறேன்."